ஜூன் தொடங்கி மார்ச் வரை: வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளும் பெங்களூர்க் கல்வெட்டுகளும்

ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்துவிட்டால் என் வீட்டுத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. "சார், பையன் செகண்ட் பி.யு.சி. ஹிஸ்டரி. மத்த சப்ஜெக்ட் எல்லாம் பரவாயில்லை. இது ஒண்ணுதான் தலையில ஏறமாட்டேங்குது. பத்து நாள் உக்காரவெச்சு முக்கியமான கேள்விய மட்டும் சொல்லிக் கொடுத்துடுங்களேன்" என்பார்கள். பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்தில் வரலாறு கற்பித்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பிப்ரவரியில் தெரியவரும் சறுக்கல் பிப்ரவரியில் நேர்ந்தது அல்ல. அது தசரா விடுமுறையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. நாம் கவனிப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிடுகிறது.

மேல்நிலை வகுப்பில் வரலாற்றை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளை ஜூன் தொடங்கி மார்ச் வரை தடம் மாறாமல் நடத்திச் செல்வது எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. இதில் தேர்வு மதிப்பெண்ணோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தான் வாழும் ஊரை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதே அது.

ஏன் சறுக்குகிறார்கள்?

முதலில் என் தவற்றையே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நானும் "இந்த இருபது கேள்வி போதும்" என்று பட்டியல் கொடுத்தவன்தான். ஓர் ஆண்டு நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு பெண் அந்தப் பட்டியலை மட்டும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். தேர்வில் அதே பாடம் வேறு விதமாகக் கேட்கப்பட்டிருந்தது. 'விளைவுகளைக் கூறுக' என்று படித்தவளுக்கு 'காரணங்களை ஆராய்க' என்று கேட்டதும் கை ஓடவில்லை. அத்தோடு படிப்பே வேண்டாமென்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நான் பட்டியல் கொடுப்பதில்லை.

வரலாற்றுப் பாடத்தின் சுமை, கணக்குப் பாடத்தின் சுமையிலிருந்து மாறுபட்டது. கணக்கில் தெரியாததை அன்றைக்கே தெரியாது என்று உணர்ந்துவிடலாம். விடை வராது. வரலாற்றில் அப்படியல்ல. படிக்கும்போது எல்லாம் புரிவதுபோலவே இருக்கும். கதை மாதிரி ஓடும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சாளுக்கியரும் ராஷ்டிரகூடரும் ஹொய்சளரும் ஒரே பெயராகக் குழம்பிக் கிடப்பார்கள். ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மைத்தாமே சோதித்து 1885-ல் வெளியிட்ட நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நழுவிவிடும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நினைவுபடுத்திப் பார்த்தால்தான் நிற்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூல் ஆங்கிலத்தில். அதில் வரும் ஊர்ப்பெயரும் பட்டப்பெயரும் கன்னடத்தில். வீட்டில் பேசுவது தமிழ். மூன்றுக்கும் நடுவே நிற்கும் பிள்ளைக்கு, பாடத்தில் உள்ளது யாரோ ஒருவருடைய கதை என்றே தோன்றுகிறது. சொந்தமில்லாத கதையைப் பத்து மாதம் சுமக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

பள்ளி ஆய்வாளர் காட்டிய வழி

இதற்கான வழியை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய பள்ளி ஆய்வாளரிடமிருந்து. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837-ல் பெங்களூரிலேயே பிறந்தவர். 1860-களில் இங்கே பள்ளித் தலைமையாசிரியராகவும் பிறகு மைசூர் அரசின் பள்ளி ஆய்வாளராகவும் இருந்தவர். பள்ளிகளைப் பார்வையிட ஊர் ஊராகச் சென்றவர், கோயில் சுவரிலும் ஏரிக்கரையிலும் வயல் நடுவிலும் எழுத்துள்ள கற்கள் கிடப்பதைக் கண்டார். அவற்றைப் படியெடுக்கத் தொடங்கியவர் வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கல்வெட்டுகளைத் தொகுத்தார். 'எபிகிராஃபியா கர்நாடிகா' என்னும் அந்தத் தொகுதிகளில் ஒன்பதாவது, பெங்களூர் மாவட்டத்துக்கானது, 1905-ல் வெளிவந்தது. அதைப் புரட்டினால் பலர் திகைப்பார்கள். நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் நிறுத்தங்களின் பெயரெல்லாம் அதில் இருக்கின்றன. கன்னடக் கல்வெட்டுகளுக்கு நடுவே தமிழ்க் கல்வெட்டுகளும் கணிசமாக இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரு பிடிமானம் வேண்டும். அது மாதம் ஒரு கல் என்று இருக்கட்டும் என முடிவு செய்தேன். சனிக்கிழமை மாலை அல்சூர்ப் பக்கம் என் வீட்டில் கூடுவோம். பாடநூலைக் கல்லூரியில் நடத்துவார்கள். எங்கள் வேலை, ஒரு சான்றைப் பார்த்து ஒரு பக்கம் எழுதுவது. அதற்கு ஐந்து கேள்விகள்: இதை எழுதியது யார்? எப்போது? யார் படிக்க? எதற்காக? இது சொல்லாமல் விட்டது என்ன?

இந்த ஐந்தும் நான் கண்டுபிடித்தவை அல்ல. அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்னும் ஆய்வாளர் 1991-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். 1775-ல் லெக்சிங்டனில் நடந்த சண்டை பற்றிய பழைய ஆவணங்களை எட்டு வரலாற்றறிஞர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அறிஞர்கள் முதலில் இதை எழுதியவர் யார் என்று தேடினார்கள். மாணவர்கள் மேலிருந்து கீழாகப் பாடநூல் போலப் படித்துக்கொண்டு போனார்கள். மாணவர்கள் கெட்டிக்காரர்கள்தாம், விவரமும் தெரிந்தவர்கள்தாம். எழுதியவரைச் சந்தேகிக்கும் பழக்கம்தான் அவர்களிடம் இல்லை. அந்தப் பழக்கம் பத்து நாளில் வராது. அதற்குத்தான் பத்து மாதம்.

ஜூன்: ஊர்ப்பெயரில் தொடங்குவோம்

பெங்களூர் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கதையைச் சொல்லும். வீர வல்லாளன் என்ற ஹொய்சள மன்னன் வேட்டையில் வழி தவறினானாம். ஒரு கிழவி அவித்த பயறு கொடுத்தாளாம். அதனால் 'பெந்த காளூரு' ஆயிற்றாம். நல்ல கதை. இரண்டாம் வீர வல்லாளன் ஆண்ட காலம் கி.பி. 1173 முதல் 1220 வரை.

இப்போது பேகூருக்குப் போவோம். ஓசூர் சாலைக்கு அருகே உள்ள அந்த ஊரின் நாகேசுவரர் கோயிலில் ஒரு வீரக்கல். கங்க மன்னர் காலத்தது. எழுத்து பழங்கன்னடம். காலம் ஏறக்குறைய கி.பி. 890. நாகத்தரன் என்பவரைச் சார்ந்த புட்டணசெட்டி என்பவர் 'பெங்களூர்ச் சண்டையில்' மடிந்தார் என்பது செய்தி. வல்லாளன் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது!

இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். "அப்போ டீச்சர் சொன்னது தப்பா சார்?" என்பார்கள். தப்பு என்று சொல்லி நான் முடித்துவிடுவதில்லை. கதை எப்போது, யாரால் சொல்லப்பட்டது என்று தேடச் சொல்வேன். கதையும் ஒரு சான்றுதான். பின்னாளில் மக்கள் தம் ஊரை எப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று. கல் வேறொன்றுக்குச் சான்று. எது எதற்குச் சான்று என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, சிந்துவெளி முத்திரைப் பாடத்தையும் அசோகன் கல்வெட்டுப் பாடத்தையும் வேறு கண்ணோடு படிக்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது: ஜூனில் எழுதும் முதல் பக்கம் மோசமாகத்தான் இருக்கும். திருத்தாதீர்கள். தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அது பின்னால் உதவும்.

ஜூலை, ஆகஸ்ட்: தமிழ்க் கல்வெட்டுகளும் ஒரு பொறியும்

அடுத்து மடிவாளா சோமேசுவரர் கோயில். தினமும் ஆயிரக்கணக்கான ஐ.டி. ஊழியர்கள் கடந்துபோகும் இடம். கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 'வெங்களூர்ப் பெரிய ஏரி'க்குக் கீழே உள்ள நிலத்தைத் தானம் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர்கள் வேப்பூரார். வேப்பூர்தான் இன்றைய பேகூர். தாமரைக்கரை என்று ஓர் ஊரும் வருகிறது. அதுவே பக்கத்தில் உள்ள தாவரெகெரெ. தாமரை கன்னடத்தில் தாவரெ, ஏரி கெரெ. பெயர் இரண்டு மொழியிலும் ஒரே குளத்தைத்தான் காட்டுகிறது.

டொம்லூர்ச் சொக்கநாதசாமி கோயிலில் இன்னும் பல தமிழ்க் கல்வெட்டுகள். ஊர்ப்பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. 1270-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் அழகியார் என்பவர் கோயில் வாசலுக்கு இரண்டு நிலைக்கால் கொடுத்த செய்தி இருக்கிறது.

இங்கேதான் பொறி இருக்கிறது. பெரியவர்களே இதில் விழுவதுண்டு. தமிழ் எழுத்தைக் கண்டவுடன் நெஞ்சு நிமிர்கிறது. ஒரு மாணவன் தன் நோட்டில் 'பெங்களூரைத் தோற்றுவித்தவர்கள் சோழர்கள்' என்றே எழுதிவிட்டான். நான் சிவப்பு மையில் அடிக்கவில்லை. காலத்தை வரிசைப்படுத்தச் சொன்னேன். ஹெப்பாளில் கிடைத்த கிட்டய்யன் வீரக்கல், கன்னடம், ஏறக்குறைய கி.பி. 750. பேகூர்க் கல், கன்னடம், 890 அளவில். முதலாம் ராஜராஜன் காலத்தில் சோழர் கங்கநாட்டைப் பிடித்தது 1004 அளவில். எழுதி முடித்தவன் தன் வரியைத் தானே அடித்துவிட்டான்.

அதோடு விடவில்லை. "சோழர் போன பிறகு ஏன் தமிழ் நின்றது?" என்று கேட்டேன். 1116-ல் விஷ்ணுவர்தனன் தலக்காட்டைப் பிடித்ததோடு இந்தப் பக்கம் சோழர் ஆட்சி ஒடுங்கியது. மடிவாளாக் கல்லோ 1247. டொம்லூர்க் கல் 1270. இரண்டும் ஹொய்சளர் காலம்! பதில் பாடநூலின் ஒரு மூலையில் இருக்கிறது. ஹொய்சள மன்னன் சோமேசுவரனுக்குப் பின் நாடு இரு மக்களுக்கிடையே பிரிந்தது. மேற்குப் பகுதி மூன்றாம் நரசிம்மனுக்கு, துவாரசமுத்திரத்தில். தமிழ்நாட்டுப் பகுதியும் கோலார் பக்கமும் ராமநாதனுக்கு. அவன் ஆண்டது ஸ்ரீரங்கத்துக்கு அருகே உள்ள கண்ணனூரிலிருந்து. கன்னட மரபில் வந்த மன்னன், காவிரிக்கரையிலிருந்துகொண்டு, இந்தப் பக்கத்துக் கோயில்களுக்குத் தமிழில் ஆணை எழுதுகிறான். மொழியை வைத்து ஆட்சியாளர் யாரென்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செப்டம்பர்: ஒரு மாணவன் நின்றுபோன கதை

2016 செப்டம்பர் 12 பெங்களூர்த் தமிழர்களுக்கு மறக்காத நாள். காவிரிப் பிரச்சினையில் கலவரம் மூண்டு பேருந்துகள் எரிந்தன. 1991 டிசம்பரைப் பார்த்த எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய நடுக்கம் திரும்பியது. பிள்ளைகளுக்கோ அது முதல் அனுபவம்.

அடுத்த சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தவர்களில் ஒரு பையன் வாயே திறக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மெதுவாகச் சொன்னான்: "சார், நான் கர்நாடக ஹிஸ்டரியை விட்டுடறேன். சாய்ஸ்ல தள்ளிடலாம்னு பாக்கறேன்."

மதிப்பெண் கணக்குப் போட்டால் அது முட்டாள்தனமான முடிவு, செகண்ட் பி.யு.சி. பாடத்தில் கர்நாடக வரலாறு நூலெங்கும் கலந்திருக்கிறது. ஆனால் அவன் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை என்று எனக்குத் தெரிந்தது. "அப்போ இந்த ஊர் யாரோடது சார்?" என்று கேட்டான்.

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது என் பதிலாகவே இருந்திருக்கும். பதிலாக டொம்லூர்க் கல்வெட்டுகளில் யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று பட்டியல் போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தான். ஒருவர் நிலைக்கால். ஒருவர் மனைவியோடு சேர்ந்து நிலம். பின்னாளில் விஜயநகர இரண்டாம் தேவராயன் காலத்தில் வரியும் சுங்கமும். பட்டியலுக்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: 'ஊரைக் கொடுத்ததாகவோ வாங்கியதாகவோ ஒருவரும் எழுதவில்லை. இருந்தவர்கள் தங்களால் ஆனதைக் கொடுத்திருக்கிறார்கள்.'

பதினேழு வயதுப் பிள்ளை எழுதிய அந்த இரண்டு வரிக்கு மேல் நான் எதுவும் சேர்க்கவில்லை. அவன் பாடத்தை விடவில்லை.

பிள்ளைகள் தடம் மாறும்போது "படி, படி" என்று நெருக்குவதற்கு முன், என்ன நடந்தது என்று கேளுங்கள். சில சமயம் அது சோம்பலாக இராது.

அக்டோபர்: கயிற்றில் ஒரு காலக்கோடு

தசரா விடுமுறைதான் பள்ளம். ஊருக்குப் போய் வந்தால் பத்து நாள் போய்விடும். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் புதிதாகத் தெரியும். இந்த மாதம் புதிய பாடம் எதுவும் வைப்பதில்லை. துணி காயப்போடும் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நூற்றாண்டுக்கு ஓர் அடி. கி.பி. 700 முதல் இன்று வரை பதின்மூன்று அடிக்குச் சற்று மேல். பழைய அழைப்பிதழ் அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிகழ்ச்சியும் ஆண்டும் எழுதி, கிளிப் போட்டு மாட்ட வேண்டும். நோட்டைப் பார்க்கக்கூடாது. நினைவிலிருந்து எழுதி மாட்டிய பிறகுதான் சரிபார்க்கலாம்.

750, 890, 1004, 1116, 1247, 1270 வரை நெருக்கமாகத் தொங்கும். பிறகு சட்டென்று 1537, கெம்பேகவுடர் கோட்டை கட்டிய ஆண்டு. 1638-ல் பீஜப்பூர்ப் படையோடு சிவாஜியின் தந்தை ஷாஜி. 1687-ல் மொகலாயர் கைப்பற்றி, மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு விற்றது. 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் கோட்டையைப் பிடித்தது. 1799-ல் திப்பு வீழ்ந்தது.

கயிற்றைத் தூர நின்று பார்த்த ஒரு மாணவி, "சார், 1270-க்கும் 1537-க்கும் நடுவுல ரெண்டரை அடி காலியா இருக்கே, அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே கயிறு. விஜயநகரம் முழுவதும் அந்த இடைவெளியில் தொடங்குகிறது. புத்தகத்தில் அது தனிப் பாடம்; கயிற்றில் பார்த்தால் தான் தேடிப் படிக்க வேண்டிய இடம். தானே கேட்ட கேள்விக்குத் தேடிய விடை மறப்பதில்லை.

நவம்பர்: பாட்டியும் ஒரு சான்று

நவம்பர் முதல் நாள் கன்னட ராஜ்யோத்சவம். 1956-ல் மொழிவழி மாநிலம் அமைந்த நாள். 1973-ல் கர்நாடகம் என்று பெயர் மாறியதும், 2014-ல் பெங்களூர் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆனதும் நவம்பர் முதல் நாளிலேயே. தெருவெல்லாம் கொடி பறக்கும். இந்த மாதத்தில் நம் குடும்பங்கள் இங்கே வந்த கதையை எடுப்போம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை, அங்கே நோய் மிகுந்ததால் 1809-ல் பெங்களூருக்கு மாறியது. பேட்டைக்குக் கிழக்கே கண்டோன்மெண்ட் எழுந்தது. கன்னடத்தில் தண்டு, இன்றும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் உண்டு. மதராஸ் ராணுவத்தோடு சிப்பாய்களும், கொத்தனார்களும், சமையல்காரர்களும், சரக்கு விற்பவர்களும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தார்கள். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்ததும் வரத்து பெருகியது. 1881-ல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்பியபோதும் கண்டோன்மெண்ட் மட்டும் ஆங்கிலேயர் வசமே இருந்தது. 1947-ல்தான் மைசூருக்குத் திரும்பியது. 1949-ல் இரண்டு நகரசபைகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயிற்று.

பிள்ளைகள் வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பேட்டி காண வேண்டும். ஒரு மாணவியின் பாட்டி, "எங்க தாத்தா காலரா வருஷம் தங்கவயல்ல இருந்து வந்தாரு" என்று சொன்னார். காலராவா, பிளேக்கா? எந்த வருஷம்? 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் பரவியது. அதையொட்டியே பசவனகுடி, மல்லேசுவரம் விரிவாக்கப் பகுதிகள் உருவாயின. கோலார்த் தங்கச் சுரங்கத்துக்கு 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. "உங்க தாத்தா இருந்தப்போ அங்க கரண்ட் இருந்துச்சா பாட்டி?" என்று பேத்தி கேட்டாள். பாட்டி யோசித்தார். "சுரங்கத்துல இருந்துச்சாம். லைன் வீட்ல விளக்குதான்னு சொல்லுவாரு." அப்படியானால் 1902-க்குப் பிறகு. 1898 பிளேக் அல்ல, அதற்குப் பின் வந்த வேறொரு கொள்ளைநோய் என்று குறித்துக்கொண்டாள். பாட்டி பொய் சொல்லவில்லை. கேட்டதை நினைவில் வைத்திருந்தார். நினைவையும் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் அந்தப் பெண்ணின் ஆதாயம்.

இந்தப் பேட்டி வீண்வேலை என்று நினைக்கவேண்டாம். சி.பி.எஸ்.இ.யிலும் ஐ.எஸ்.சி.யிலும் வரலாற்றுக்கு 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 செயல்திட்டம். பி.யு.சி.யிலும் 2023-24 முதல் எழுத்துத் தேர்வு 80, உள்மதிப்பீடு 20 என்று வந்துவிட்டது. பிப்ரவரியில் கடையில் படம் வாங்கி ஒட்டுவதைவிட, நவம்பரில் பாட்டியிடம் உட்கார்வது மேல்.

டிசம்பர், ஜனவரி: விடை எழுதும் பயிற்சி

இப்போதுதான் பழைய வினாத்தாள்களைத் தொடுவோம். வாரம் இரண்டு விடை, கடிகாரம் வைத்து. 'கண்டோன்மெண்ட் அமைந்ததால் பெங்களூரில் நேர்ந்த மாற்றங்களை ஆராய்க' என்பது கேள்வியானால், பல பிள்ளைகள் 1809-ல் தொடங்கி வரிசையாக நடந்ததையெல்லாம் கொட்டுவார்கள். அது கதை, விடை ஆகாது.

முதல் வரியில் முடிவைச் சொல்லிவிட வேண்டும்: 'கண்டோன்மெண்ட் பெங்களூரை நிர்வாகம், மொழி, தொழில் ஆகியவற்றில் வேறுபட்ட இரு ஊர்களாக ஆக்கியது.' பிறகு மூன்று பத்தி. ஒவ்வொன்றிலும் ஒரு காரணம், ஓர் ஆண்டு, ஒரு சான்று. கடைசியில் இந்தக் கருத்துக்கு எதிராக என்ன சொல்லலாம் என்று ஒரு வரி. எடுத்துக்காட்டாக, ரயிலும் சந்தையும் இரண்டு ஊர்களையும் தினமும் இணைத்துக்கொண்டுதான் இருந்தன. அந்த ஒரு வரிதான் நல்ல விடையையும் மிக நல்ல விடையையும் பிரிக்கும். ஜூன் முதல் ஐந்து கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அது தானாக வரும்.

ஜனவரியில் ஜூன் மாதப் பக்கத்தை எடுத்துப் படிக்கச் சொல்வேன். "ஐயோ, இப்படியா எழுதியிருக்கேன்!" என்று சிரிப்பார்கள். ப்ரிபரேட்டரித் தேர்வில் மதிப்பெண் குறைந்து துவண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. தான் வளர்ந்திருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கிறது.

பிப்ரவரி, மார்ச்: குறைத்துக்கொள்ளும் காலம்

கடைசி இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். புதிய கைடு, புதிய டியூஷன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டு, எதுவும் வேண்டாம். காலக்கயிற்றை வாரம் ஒருமுறை காலியாக்கி மீண்டும் மாட்டட்டும். வரைபடத்தில் தினம் ஐந்து இடம் குறிக்கட்டும். இரவு நேரத்தில் தூங்கட்டும்.

பெற்றோரிடம் இன்னொரு வேண்டுகோள். "சயின்ஸ் கிடைக்கலை, அதான் ஆர்ட்ஸ்" என்று வந்தவர்களிடம் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். ஆண்டு முழுதும் நான் கட்டுவதை அந்த ஒரு வாக்கியம் இடித்துவிடுகிறது. வரலாறு உடனே வேலை வாங்கித் தருமா என்றால், தராது. நான் சொன்ன அந்தப் பையன் இன்று வங்கியில் பணிபுரிகிறான். கடன் கேட்டு வருபவர் காட்டும் தாளைப் பார்த்ததும், "இதை எழுதியது யார், எப்போது?" என்றுதான் முதலில் மனசுக்குள் ஓடுகிறதாம். போனில் சொல்லிச் சிரித்தான்.

நிறைவாக

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் பதினெட்டு ஆண்டு மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. நாம் பார்க்க நடந்த வரலாறு இது. பதினெட்டு ஆண்டு ஏன் மூடியிருந்தது, எப்படித் திறந்தது என்று இரண்டு பக்கத்துச் சான்றையும் வைத்து நிதானமாக எழுதக்கூடிய ஒரு தலைமுறை நம் வீடுகளில் வளர வேண்டும். ஆத்திரத்தோடு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இன்று பிள்ளைகளுக்கு வசதி அதிகம். 1909-ல் தொடங்கிய நிருபதுங்கா சாலை மிதிக் சொசைட்டி, 2021 முதல் பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படமாகப் பதிவுசெய்து வருகிறது. தேய்ந்த எழுத்தையும் திரையில் திருப்பிப் பார்க்கலாம். ஆனாலும் ஒருமுறை நேரில் போய்வாருங்கள். மாலை வெளிச்சத்தில், டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். கல்லின் மேல் மாவோ சாக்கட்டியோ பூசவேண்டாம். கோயிலில் பூசை நேரமென்றால் காத்திருங்கள். அர்ச்சகரிடம் கன்னடத்திலேயே கேளுங்கள், அன்போடு காட்டுவார்கள்.

வருகிற ஜூன் முதல் சனிக்கிழமை, உங்கள் பிள்ளையைப் பேகூருக்கு அழைத்துப் போங்கள். புட்டணசெட்டி மடிந்த கல்லுக்கு முன்னால் நிற்கவைத்து, ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதை எழுதியது யார்?" மீதி ஒன்பது மாதம் அங்கிருந்து நடக்கும்.